ஃபாரடேயின் துண்டுச்சீட்டு

வணக்கம் ஐயா,

ஓசூரில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். வயது 29. மாதம் ஒருமுறை மேனேஜர்கள் கூட்டத்தில் அந்த மாதம் தரம் தேறாமல் ஒதுக்கிய பாகங்களின் ரிஜெக்‌ஷன் கணக்கை நான்தான் சொல்ல வேண்டும். இருபது பேர் இருப்பார்கள். மூன்றாவது ஸ்லைடு வருவதற்குள் பாதிப்பேர் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அதோடு என் குரலும் உள்ளே போய்விடுகிறது.

இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். கண்ணாடி முன் நின்று பேசச் சொன்னார்கள். பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு வாசிக்கச் சொன்னார்கள். 'ஓடுற நரியிலே ஒரு நரி கிழநரி' என்பதை வேகவேகமாகச் சொல்லச் சொன்னார்கள். மூன்று மாதமாகத் தினமும் செய்கிறேன். நரி சரளமாக வருகிறது, ரிஜெக்‌ஷன் கணக்குதான் வரவில்லை. நீங்கள் கூட்டங்களில் தயக்கமில்லாமல் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். இது பயிற்சியால் வருமா, பிறவியிலேயே இருக்க வேண்டுமா?

எஸ்., ஓசூர்

அன்புள்ள எஸ்,

நரி வரியைப் படித்துவிட்டுச் சிரித்தேன். உங்களுக்குப் பேச வரும். கடிதம் எழுதும்போது எதிரில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள், கூட்டத்தில் ஸ்லைடை வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். கோளாறு அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

என் தயக்கமின்மை பற்றிச் சொன்னீர்கள். முதன்முதலில் நான் பேசியது ஒரு சிற்றூர் வாசகர் கூட்டத்தில். இருபது நிமிட உரையை எழுதி, மனப்பாடம் செய்து, ஒரு வாரம் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்துவிட்டுப் போயிருந்தேன். நாலாவது நிமிடத்தில் முன்வரிசையில் ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். அடுத்த வாக்கியம் போய்விட்டது. மனப்பாடம் செய்தவனால் நடுவில் ஏற முடியாது, பஸ் புறப்பட்ட இடத்துக்கே போய்த்தான் ஏற வேண்டும். 'நன்றி, வணக்கம்' சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அமைப்பாளர் நல்ல மனிதர். "சுருக்கமாப் பேசினீங்க, ரொம்பப் பேருக்கு இது வராது" என்றார்.

அன்றிலிருந்து எனக்குக் கண்ணாடிப் பயிற்சி மேல் மரியாதை கிடையாது. கண்ணாடிக்குள் இருப்பவருக்கு நாம் சொல்லப்போவது முழுக்கத் தெரியும். அவர் குறுக்கே கேட்கமாட்டார், கொட்டாவி விடமாட்டார். போதாக்குறைக்கு நம் தலைமுடி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். பேனாவைக் கடிப்பதும் இந்த வகைதான். பழங்காலக் கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் வாயில் கூழாங்கற்களைப் போட்டுக்கொண்டு பேசிப் பழகினார் என்று வரலாற்றாசிரியர் புளூடார்க் எழுதியிருக்கிறார். அந்த மனிதருக்கு உச்சரிப்பில் தடுமாற்றம் இருந்தது, அதற்கு அது மருந்து. உங்கள் நாக்கில் ஒரு குறையும் இல்லையே!

எனக்குப் பிடித்த உதாரணம் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே. முறையான படிப்பு அதிகம் இல்லாதவர், லண்டனில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகியவர். 1812-ல் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவியின் உரைகளை உட்கார்ந்து கேட்டார். மறு வருடம் அங்கேயே உதவியாளராகச் சேர்ந்தார். அப்போது நண்பர் அபட்டுக்கு எழுதிய கடிதங்களில், உரை எப்படி இருக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக ஆராய்கிறார். ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது அதில் ஒன்று. இத்தனைக்கும் அவருக்கு வயது 21, பெரிய மேடை எதிலும் ஏறியிருக்கவில்லை. மற்றவர்கள் பேசும்போது கேட்பவர்கள் எங்கே நெளிகிறார்கள், எங்கே நிமிர்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தது அவ்வளவும். பிற்பாடு காசு கொடுத்து ஒரு பேச்சு ஆசிரியரிடமும் பாடம் கேட்டார்.

அதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது அவருடைய அட்டைகள். உரை நிகழ்த்தும்போது 'மெதுவாக' என்று பெரிய எழுத்தில் எழுதிய ஓர் அட்டையைத் தன் முன்னால் வைத்துக்கொள்வாராம். அதையும் மறந்து வேகமெடுத்தால், உதவியாளர் ஆண்டர்சன் அதைக் கண்ணில் படும்படி கொண்டுவந்து வைக்க வேண்டும். மணி நெருங்கும்போது 'நேரம்' என்று இன்னொரு அட்டை வரும். நம் மேடைகளிலும் துண்டுச்சீட்டு வருவதுண்டு. "சீட்டு வந்துவிட்டது, இன்னும் ஒன்றே ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்" என்பதற்குப் பிறகு இருபத்தைந்து நிமிடம் கேட்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். (மேடையில் இருப்பவர்களை ஒவ்வொருவராக 'அவர்களே, அவர்களே' என்று விளித்து முடிப்பதற்குள் பாதி நேரம் போயிருக்கும் என்பது தனிக்கதை.) ஃபாரடே தனக்கான சீட்டைத் தானே எழுதி, அதை நீட்ட ஓர் ஆளையும் ஏற்பாடு செய்துகொண்டார். பயிற்சி என்று நான் சொல்வது இதைத்தான். உங்கள் பேச்சைக் கேட்டுச் சீட்டு நீட்ட இன்னொருவர் வேண்டும்.

அதனால் முதலில் ஓர் ஆளைப் பிடியுங்கள். அம்மா, அறைத்தோழர், யாராக இருந்தாலும் சரி. வாகனத் தொழில் தெரியாதவராக இருந்தால் ரொம்ப நல்லது. இந்த மாதத்துக் கணக்கை ஸ்லைடு இல்லாமல் மூன்று நிமிடத்தில் சொல்லுங்கள். முடித்ததும், "நான் என்ன சொன்னேன், நீங்க சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்வது மட்டும்தான் நீங்கள் உண்மையில் சொன்னது. மீதியெல்லாம் காற்றில் போனது. முதல் தடவை மனசு கஷ்டப்படும். நான் என் மனைவியிடம் இப்படிச் சோதித்தபோது, நாற்பது வருடச் சிறுகதை வரலாற்றைச் சொல்லி முடித்த பிறகு, "நீங்க அந்தக் கூட்டத்துக்கு லேட்டாப் போனீங்க" என்பதுதான் திரும்பி வந்தது. கதையாகச் சொன்ன ஒரே பகுதி அது.

அப்புறம் அதையே ஒரு நிமிடத்தில் சொல்லிப் பாருங்கள். எதை வெட்டுகிறீர்கள் என்று கவனியுங்கள். வெட்டியது பெரும்பாலும் கூட்டத்திலும் தேவைப்படாது.

இன்னொன்று, போனில் இரண்டு நிமிடம் பதிவு செய்து கேளுங்கள். வீடியோ வேண்டாம், பழையபடி தலைமுடிக்குப் போய்விடுவோம். 'வந்து', 'அதாவது', 'ஆக்சுவலி', 'பேசிக்கலி' எல்லாம் எத்தனை தடவை வருகிறது என்று விரல் விட்டு எண்ணுங்கள். 1924-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றங்களில் இதை எண்ணுவதற்கென்றே ஒருவரை நியமிப்பார்கள். நேரத்துக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கும் உண்டு. உங்கள் ஊர்ப் பக்கம் மன்றம் இருந்தால் போய்ப் பாருங்கள். அங்கேயே ஊறியவர்கள் சிலர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பேசுவார்கள், அது வேண்டாம். எண்ணும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'ஆக்சுவலி' வரும் இடத்தில் வாயை மூடிக்கொண்டால் போதும். நமக்கு அது யுகமாகத் தெரியும், கேட்பவருக்கு ஒரு மூச்சு விடும் நேரம்.

இனி அந்த இருபது பேர். ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மஸூர் 1990-களின் தொடக்கத்தில் ஒன்றைக் கண்டுகொண்டார். ஒரு கேள்வியை மாணவர்களுக்கு ஒரு விதமாக விளக்கினார், புரியவில்லை. வேறு விதமாக விளக்கினார், இன்னும் குழம்பினார்கள். கடைசியில், "பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிட்டார். வகுப்பு சந்தைக்கடை ஆனது. சில நிமிடங்களில் அவர்களே விடையைப் பிடித்துவிட்டார்கள். அதையே முறையாக்கினார். கேள்வி கேட்பது, ஒவ்வொருவரும் தனியாக ஒரு விடையைத் தேர்ந்தெடுப்பது, பக்கத்து ஆளோடு வாதாடுவது, மறுபடி தேர்ந்தெடுப்பது, அதற்குப் பிறகே ஆசிரியர் வாயைத் திறப்பது. 'நான் சொன்னது சரியா, தப்பா' என்று தெரியாமல் யாரும் போன் பக்கம் போவதில்லை.

உங்களுக்கு இது சுலபம். காஸ்டிங்கில், அதாவது உருக்கி வார்த்த பாகத்தில், புளோ ஹோல் (உள்ளே வாயு அடைத்து விழுந்த ஓட்டை) இருந்தால் பல சமயம் மெஷினிங்கில் கடைந்து முடித்த பிறகுதானே வெளியே தெரியும்? உங்கள் ரிஜெக்‌ஷனில் அந்த வகை இருந்தால், அடுத்த கூட்டத்துக்கு மெஷினிங்குக்கு முந்திய இரண்டு காஸ்டிங்கைக் கையோடு கொண்டு போங்கள். ஸ்லைடு போடுவதற்கு முன்னால் மேசையில் வையுங்கள். "இதில் எது பாஸ், எது ரிஜெக்ட்?" என்று கேட்டுக் கையைத் தூக்கச் சொல்லுங்கள். கைக்குக் கை மாறட்டும், அடித்துக்கொள்ளட்டும். ஒரு நிமிடம் கழித்து, அதே லாட்டில் மெஷினிங் ஆகி ஓட்டை தெரியும் துண்டை எடுத்து வையுங்கள். "வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. நாம் மெஷினிங் செலவும் செய்துவிட்டுத்தான் தூக்கிப் போடுகிறோம்" என்று சொல்லிவிட்டுக் கணக்குக்குப் போங்கள். ஃபாரடேயும் சிறுவர்களுக்கு வேதியியல் சொல்ல ஒரு மெழுகுவத்தியைத்தான் ஏற்றினார்.

மேனேஜர்களிடம் கேள்வி கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகிவிடுமோ என்று யோசிப்பீர்கள். அந்தப் பயம் நியாயமானது. மேலதிகாரியின் விடை தப்பாகப் போய், அவர் முகம் சுருங்கினால் உங்களுக்குத்தான் சிக்கல். அதனால் யாரையும் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள், மொத்தமாகக் கையைத் தூக்கச் சொல்லுங்கள். "நானும் முதலில் ஏமாந்தேன்" என்று ஒரு வார்த்தை போட்டுவையுங்கள். வள்ளுவர் அவையஞ்சாமையை 73-வது அதிகாரமாக வைத்திருக்கிறார். அதற்கு முந்தியது அவையறிதல், கேட்பவர்களை அறிந்து பேசுவது. பயிற்சி வகுப்பு உங்களை நேரே 73-க்கு அனுப்பிவிட்டது.

பிறவியா, பயிற்சியா என்று கேட்டிருந்தீர்கள். குரல் சிலருக்குப் பிறவியிலேயே அமைந்துவிடுகிறது, எனக்கு அமையவில்லை. மீதியெல்லாம் சீட்டு நீட்ட ஆள் வைத்துக் கற்றதுதான். இன்றும் என் கூட்டங்களில் கடைசி வரிசையில் ஒரு நண்பர் உட்கார்ந்திருப்பார், வேகமெடுத்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

அடுத்த மாதமும் யாராவது போனை எடுக்கத்தான் செய்வார்கள். காஸ்டிங்கைப் படம் பிடிக்கிறாரா என்று பார்த்துவிட்டுக் கவலைப்படுங்கள்.