உழைப்பு, அதிர்ஷ்டம், அரசாங்க உதவி: உங்க கேள்விகளுக்கு பதில்

சிங்கப்பூர்ல பொருளாதாரம் சொல்லிக் குடுக்குறவன் நான், கேட்டவங்களுக்கு ஒவ்வொண்ணா பதில் போடுறேன்.

கேள்வி: அண்ணே, கஷ்டப்பட்டு உழைக்கிறவங்களே ஏன் ஏழைங்களுக்கு உதவி குடுக்கக் கூடாதுங்கிறாங்க?

பதில்: குடுக்குறத எதிர்க்கல தம்பி, உழைக்காம வாங்குறாங்களோன்னு சந்தேகம், அதான். அமெரிக்காவுலயும் நார்வேயிலயும் ஒரு சோதனை பண்ணாங்க, ரெண்டு பேர் வேலை பாக்குறாங்க, ஒருத்தருக்கு மட்டும் காசு, மூணாவது ஆளு நெனச்சா பிரிச்சுக் குடுக்கலாம். குலுக்கல்ல விழுந்த காசுன்னா நெறைய பேர் பிரிச்சுக் குடுத்தாங்க, வேலைய நல்லா செஞ்சு வாங்குனதுன்னா ரெண்டு நாட்டுலயுமே கை பின்னாடி போயிடுச்சு.

கேள்வி: அப்போ நாட்டுக்கு நாடு ஏன் மாறுது?

பதில்: நம்பிக்கைதான் மாறுது. உலக மதிப்பீட்டு ஆய்வுல ஏழைங்க சோம்பேறிங்கன்னு சொன்னவங்க அமெரிக்காவுல 60%, ஐரோப்பாவுல 26%.

கேள்வி: ஓடி (ஓவர்டைம்) பாத்தா வரியிலயே போயிடும்னு வீட்டுக்காரர் சொல்றாரு, நெசமா?

பதில்: இல்லக்கா. மாசம் 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம்னா வருஷம் 36,000, முதல் 20,000க்கு வரியே கிடையாது, வரிக்கழிவெல்லாம் பாக்குறதுக்கு முன்னாடியே மொத்தம் 410 வெள்ளிதான். அதுக்கு மேல 300 வெள்ளி ஓடி வாங்குனா வரி 10 வெள்ளி 50 காசு. தாராளமா பாக்கச் சொல்லுங்க.

கேள்வி: குறைஞ்ச சம்பளக்காரங்களுக்கு அரசாங்கம் குடுக்குற வொர்க்ஃபேர் உதவித்தொகை ஏன் வேலை பாக்குறவங்களுக்கு மட்டும்?

பதில்: உழைக்காம வாங்குறாங்களோங்கிற அந்த சந்தேகத்துக்குப் பதில் சொல்ற மாதிரிதான் 2007ல அப்படி அமைச்சாங்க. 2025லேருந்து மாசம் 500 வெள்ளியாவது சம்பாதிக்கணும், 3,000 தாண்டக் கூடாது, 60 வயசு ஆனவங்களுக்கு வருஷத்துக்கு 4,900 வரைக்கும் கிடைக்கும், ஆனா தொழிலாளிக்கு அதுல 60% சிபிஎஃப்புங்கிற சேமநிதிக் கணக்குக்குப் போயிடும், கையில 40%தான்.

கேள்வி: நல்லா உழைச்சா நல்லா வரலாம்தானே சார்?

பதில்: எங்க புளோக்குக்குக் கீழ காப்பிக்கடையில ஒரு ஆன்ட்டி, வயசு எழுபது இருக்கும், முதல் பஸ் வர்றதுக்கு முன்னாடியே மேசை துடைச்சுக்கிட்டு இருப்பாங்க, தட்டுகள அடுக்கித் தூக்கும்போது மணிக்கட்டுல கட்டியிருக்குற துணி நழுவும், இழுத்துவிட்டுட்டு அடுத்த மேசைக்குப் போவாங்க. அவங்க உழைப்பு என்னோடதவிட குறைச்சல்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் வரும். சம்பளத்த வச்சு உழைப்ப அளக்குறதுதான் நாம பண்ற தப்பு. 2014ல துப்புரவு கம்பெனிக்கு லைசென்ஸ் வேணும்னா குறிப்பிட்ட அடிப்படை சம்பளம் குடுத்தே ஆகணும்னு கொண்டுவந்தாங்களே, அதுக்கப்புறம்தான் அந்த வேலைக்கு சம்பளம் ஏறுச்சு, முன்னாடி மட்டும் அவங்க உழைக்காமலா இருந்தாங்க?

கேள்வி: நான் வொர்க் பெர்மிட்ல வந்த வெளிநாட்டு ஊழியர், எனக்கும் வொர்க்ஃபேர் உண்டா?

பதில்: இல்லப்பா, சிட்டிசனுக்கு மட்டும். உழைப்புதான் கணக்குன்னா விடியக்காலைல லாரி ஏறுற உங்கள முதல்ல சேர்க்கணும், இதச் சொல்றப்ப எனக்கு சங்கடமாவே இருக்கு. சம்பள பாக்கி எதுவும் இருந்தா விட்டுடாதீங்க, வேலையில இருந்தா ஒரு வருஷத்துக்குள்ள, வேலைய விட்டுட்டா ஆறு மாசத்துக்குள்ள, சம்பளத் தகராறுகளப் பாக்குற டிஏடிஎம்ல (TADM) புகார் குடுக்கலாம், பேஸ்லிப்ப (சம்பளச் சீட்ட) எடுத்து வச்சுக்குங்க.