பெரியம்மாவுக்கு லீவு கிடையாது

அன்புள்ள ஐயாவுக்கு,

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் வேலை செய்கிறேன். போன வருஷம் மேனேஜர் ஆனேன். எல்லா இனத்தவரையும் அரவணைத்துப் போகும் தலைமை பற்றி எங்களுக்குப் பயிற்சி நடக்கிறது. செப்டம்பர் 24 பாரம்பரிய தினத்துக்குப் புடவை கட்டி வரச் சொல்கிறார்கள். கட்டுவதா வேண்டாமா என்று குழப்பம்.

என்னை வளர்த்த பெரியம்மா மார்ச்சில் இறந்தார். கருமாதிக்கு லீவு கேட்டேன். பெரியம்மா பட்டியலில் இல்லை என்றார்கள். பதினாறாம் நாள் சடங்கு உங்கள் மதத்தில் கட்டாயமா என்றும் எச்.ஆர். கேட்டார். என் ஆண்டு விடுப்பில் கழித்துக்கொண்டேன். இன்றும் கார் பார்க்கிங்கில் அழுதுவிட்டுத்தான் மேலே போகிறேன். இது பலவீனமா? என் டீமில் ஜூலு இனத்தைச் சேர்ந்த ஒரு இளைஞர் சித்தப்பா சாவுக்குப் போனபோது நானும் விதிப்படி சம்பளம் பிடித்தேன். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. நல்ல தலைவராக இருக்க நான் என்ன செய்ய வேண்டும்?

க., சாட்ஸ்வர்த்

அன்புள்ள க.,

புடவை உங்கள் இஷ்டம். பிடித்தால் கட்டுங்கள், பிடிக்காவிட்டால் விடுங்கள். பயிற்சி வகுப்பைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அழுவது பலவீனம் இல்லை, அம்மா. வளர்த்தவள் போனால் வயிறு எரியத்தான் செய்யும். வீட்டில் உட்கார்ந்து அழ விடாவிட்டால் அது காரில்தான் வரும். தூக்கம் கெட்டு, சோறு இறங்காமல் இருந்தால் மட்டும் டாக்டரைப் பார்க்கத் தள்ளிப்போடாதீர்கள்.

சாவு வீட்டு லீவைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அந்த ஜூலு இளைஞரைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது அதைப் படித்துத்தான்.

1997இல் வந்த அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தின் 27ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். குடும்பப் பொறுப்பு விடுப்பு வருஷத்துக்கு 3 நாள், சம்பளத்தோடு. யார் செத்தால்? கணவன் மனைவி அல்லது வாழ்க்கைத் துணை, பெற்றோர், தத்தெடுத்த பெற்றோர், தாத்தா பாட்டி, பிள்ளை, பேரப்பிள்ளை, கூடப் பிறந்தவர். அவ்வளவுதான். பெரியம்மா இல்லை, தாய்மாமன் இல்லை, மாமியார் மாமனார்கூட இல்லை. யார் வீட்டைப் பார்த்து இந்தப் பட்டியலைப் போட்டார்கள்? நம் வீட்டைப் பார்த்துப் போடவில்லை. ஜூலு வீட்டைப் பார்த்தும் போடவில்லை. அங்கேயும் நம்மைப் போலவே அப்பாவின் அண்ணன் பெரிய அப்பா, தம்பி சின்ன அப்பா. அந்தப் பையன் உங்களிடம் வந்து நின்றது ஒரு அப்பாவின் சாவுக்காக. வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் உங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். உங்களுக்கு நடந்த அதே அநியாயத்தை நீங்களே கையெழுத்துப் போட்டு இன்னொருவருக்குச் செய்திருக்கிறீர்கள். மனசு கஷ்டப்பட்டதாம். உங்கள் கஷ்டத்தால் அவருக்கு என்ன பிரயோசனம்?

விதி என்கிறீர்கள். சட்டம் சொல்வது குறைந்தபட்சம். அதற்கு மேல் கொடுக்கக் கூடாது என்று எந்தப் பிரிவிலும் இல்லை.

அப்புறம் அந்த "கட்டாயமா" என்ற கேள்வி. அதற்கு நம் ஊர் வழக்கு ஒன்றே பதில் சொல்லிவிட்டது. டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஒரு மாணவி மூக்குத்தி போட்டு வந்தாள். பருவமடைந்த பெண்ணுக்கு மூக்குக் குத்துவது எங்கள் தென்னிந்தியக் குடும்ப வழக்கம் என்றார் அவள் அம்மா. பள்ளி ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் குடும்பப் பெயரால் 'பிள்ளை வழக்கு' என்று பெயர் பெற்ற அது அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. 2007இல் தலைமை நீதிபதி பயஸ் லங்கா எழுதிய தீர்ப்பு, பள்ளி செய்தது நியாயமற்ற பாகுபாடு என்றது. மதமோ பண்பாடோ கட்டாயப்படுத்தாமல் ஒருவர் தானே விரும்பிக் கடைப்பிடிக்கும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றது. அது பள்ளிக்கூட வழக்கு, சரி. ஆபீசுக்கு 1998இன் வேலைவாய்ப்பு நியாயச் சட்டம் இருக்கிறது. பாகுபாடு கூடாது என்று அதன் 6ஆம் பிரிவு அடுக்கும் காரணங்களில் மதம், பண்பாடு, மொழி மூன்றும் உண்டு. உங்கள் எச்.ஆர். இரண்டையும் படிக்கட்டும்.

என் அத்தை இங்கே ஒரு துணி ஆலையில் சட்டைக் காலர் தைத்தாள். அவளுடைய அண்ணன் செத்த மூன்றாம் நாள் மெஷினுக்குத் திரும்பினாள். ஆலை கேட்டுக்குக் கொஞ்ச தூரம் முன்னால் நின்று, முந்தானையை எச்சில் தொட்டு நெற்றித் திருநீற்றைத் துடைப்பாள். புருவ மயிரில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும். அதையும் விரல் நகத்தால் சுரண்டுவாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மறுபடி பூசிக்கொள்வாள். கருமாதி வரை தினமும் இதே கதை. சூப்பர்வைசர் கேட்டால் யார் செத்தார், உனக்கு என்ன வேண்டும் என்றெல்லாம் சொல்ல வேண்டி வருமாம். அதற்குப் பயந்து துடைத்தாள்.

டர்பன் பக்கத்து மவுன்ட் எட்ஜ்கோம்பிலும் இசிப்பிங்கோவிலும் மாரியம்மன் திருவிழா பெரிய வெள்ளியை ஒட்டி நடக்கிறதே, கரும்புத் தோட்டத்தில் அன்றைக்குத்தான் லீவு கிடைத்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். முதலாளி கொடுத்த நாளில்தான் அம்மனைக் கும்பிட முடிந்தது. 1860இல் நம்மவர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலில் வந்து இறங்கியதிலிருந்து லீவுக்குக் கை கட்டி நிற்கிறோம். இப்போது மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது நீங்கள்.

நீங்கள் இரக்கப்பட்டு ஒருவருக்கு லீவு கொடுத்தால் போதாது. நாளைக்கு உங்கள் நாற்காலியில் வேறொருவர் உட்காருவார். செத்தவர் தனக்கு யார் என்று அதிகாரி முன்னால் நின்று விளக்க வைப்பது அவமானம். ஆகவே எழுத்தில் கொண்டு வாருங்கள்: தன்னை வளர்த்தவர், தான் குடும்பமாக நினைக்கிறவர், யாராக இருந்தாலும் லீவு உண்டு, தாளில் பெயரும் உறவும் எழுதினால் போதும், மேல்கேள்வி இல்லை. நாட்களைச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்றும் இருக்கக் கூடாது. அடக்கத்துக்கு ஒரு நாள், பதினாறாம் நாளுக்கு ஒரு நாள் என்று பிரித்து எடுக்கட்டும்.

அதற்கு முன்னால் அந்த இளைஞரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மன்னிப்புக் கேளுங்கள். அவர் சித்தப்பாவைப் பற்றி விசாரியுங்கள். பிடித்த சம்பளத்தை இந்த மாதமே சேர்த்துக் கொடுங்கள். மேலிடம் மறுத்தால் ஏன் என்று எழுத்தில் வாங்கி எனக்கு அனுப்புங்கள்.