கடலூர் டு பாண்டி: பழைய சைக்கிளுக்கு எவ்ளோ பேட்டரி வேணும்?

கேள்வி: சார், வீடு மஞ்சக்குப்பம், வேலை பாண்டியில, ஒருவழிக்கு 22 கிலோமீட்டர். அப்பாவோட பழைய 28 இன்ச் சைக்கிள் சும்மா நிக்குது, மோட்டார் மாட்டலாம்னு இருக்கேன். கடைக்காரர் 36 வோல்ட் 10 ஏஎச் (ஆம்பியர் ஹவர்) பேட்டரி 50 கிலோமீட்டர் ஓடும்னு அடிச்சு சொல்றாரு. நம்பலாமா? லைசென்ஸ் வேணுமா?
- கடலூர் வாசகர்

பதில்: நீங்களும் கூட மிதிச்சா 50 வரும் தம்பி, திராட்டிலை, அதான் கைப்பிடி ஆக்சிலேட்டரை, திருகிட்டு சும்மா உக்காந்து போனா வராது. 36 வோல்ட்டை 10 ஏஎச்சால பெருக்குனா 360 வாட் ஹவர், பேட்டரில மொத்தமா இருக்குற கரண்ட் அவ்ளோதான், மிதிக்காம 25 வேகத்துல போனா கிலோமீட்டருக்கு சுமாரா 12 வாட் ஹவர் தின்னும், அப்போ 30 கிலோமீட்டர்தான், திரும்பி வரும்போது தவளகுப்பம் பக்கத்துல படுத்துடும். இதுல சாயங்காலம் தென்கிழக்கு கடல்காத்து மூஞ்சில அடிக்கும், ஐப்பசி கார்த்திகைல காலைலயே வாடை எதிர்ல நிக்கும், அதுக்கும் கொஞ்சம் சேத்துக்கோங்க.

இதுக்காக 20 ஏஎச் வாங்கணுமான்னா, அவசியமில்ல, வேலை பாக்குற எடத்துல ஒரு பிளக் பாயிண்ட் கேட்டுப் பாருங்க. 22 கிலோமீட்டருக்கு 264 வாட் ஹவர்தான் செலவாகும், 10 ஏஎச்சே தாங்கும், 2 ஆம்பியர் சார்ஜர்ல நாலு மணி நேரம் போட்டா ரொம்பிடும். லெட் ஆசிட் மட்டும் வேணாம், மூணு பேட்டரி சேந்து 12 கிலோ இழுக்கணும், லித்தியமே போடுங்க.

மிச்சமாகுற காசை பிரேக்குல போடுங்க, எனக்கு பயமே அதுலதான். பழைய வண்டில கம்பி பிரேக் இருக்கும், மோட்டார் வேகத்துக்கு, அதுவும் மழைல, அது பத்தாது. ரிம்மை ரெண்டு பக்கமும் ரப்பர் கட்டையால அழுத்திப் பிடிக்கிற கேலிப்பர் பிரேக் போடணும்னா ரிம்மையும் மாத்தணும், பழைய ரிம்முல கட்டை சரியா பிடிக்காது. மோட்டாரை வீலோட வாங்கும்போதே இதைச் சொல்லிடுங்க. அப்புறம் டார்க் ஆர்ம்னு ஒரு இரும்புப் பட்டை, மோட்டார் அச்சு ஃபோர்க்குக்குள்ள சுத்தாம பிடிச்சுக்கறதுக்கு. சின்ன சாமான்தானேன்னு நான் விட்டேன், ஆல்பேட்டைல ஏறி மிதிக்கும்போது அச்சு அப்படியே சுத்தி வயரை முறுக்கி அறுத்துடுச்சு, மோட்டாருக்கு கரண்டை அளந்து விடுற கன்ட்ரோலரும் காலி, வீடு வரைக்கும் தள்ளிட்டு வந்தேன்.

லைசென்ஸ், பதிவு எதுவும் வேணாம், ஆனா மோட்டார் 250 வாட்டுக்குள்ளயும் வேகம் 25க்குள்ளயும் இருக்கணும். 500 வாட் போடுறேன்னு யாராவது ஆசை காட்டுனா அது மோட்டார் வண்டி கணக்குல போயிடும். நம்ம ஊர் உப்புக்காத்துக்கு கனெக்டர்லாம் சீக்கிரம் பச்சை புடிச்சுக்கும், மாசத்துக்கு ஒரு தடவை கழட்டி தொடச்சு லேசா கிரீஸ் தடவி மாட்டுங்க.