சகோதரச் சங்கத்தில் ஆயுள் காப்பீடு: கையெழுத்திடும் முன் படிக்க வேண்டிய பிரிவு

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். எங்கள் தேவாலயத்தை ஒட்டி இயங்கும் சகோதரச் சங்கம் (உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் அமைப்பு) ஒன்றில் உறுப்பினராகி, அதிலேயே ஆயுள் காப்பீடும் எடுக்கும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். இதை அரசு கண்காணிக்கிறதா? சங்கம் நொடித்துப்போனால் என் பணம் என்னவாகும்? நாளை நான் சங்கத்திலிருந்து விலக்கப்பட்டால்?

பதில்: கண்காணிப்பு உண்டு. அமெரிக்காவில் காப்பீடு மாநிலங்களின் பொறுப்பு. 1945-ஆம் ஆண்டின் மெக்காரன்–ஃபெர்குசன் சட்டம் அதை உறுதிசெய்தது. ஆகவே உங்கள் மாநிலக் காப்பீட்டுத் துறையின் உரிமம் இல்லாமல் சகோதரச் சங்கம் அங்கே காப்பீடு விற்பது பொதுவாக முடியாது. கிளைகள், உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகம், லாப நோக்கமின்மை ஆகியவை இருந்தால்தான் சட்டம் அதைச் சகோதரச் சங்கமாக ஏற்கும். வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(8) பிரிவு தரும் விலக்கும் இதை ஒட்டியதே.

ஆனால் வழக்கமான காப்பீட்டு நிறுவனத்துக்கும் இதற்கும் முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு. முகவர்கள் அதைத் தாமாக எடுத்துச் சொல்வது அரிது. காப்பீட்டு நிறுவனம் திவாலானால், மாநில உத்தரவாத நிதியம் ஒரு வரம்புவரை இழப்பை ஈடுகட்டும். பெரும்பாலான மாநிலங்களில் சகோதரச் சங்கங்கள் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கின்றன. அதற்கு மாறாக, உங்கள் சான்றிதழிலேயே (இங்கே ‘பாலிசி’ என்று சொல்வதில்லை) ஒரு பிரிவு இருக்கும்: சங்கத்தின் ஒதுக்கு நிதியில் (பலன்களைக் கொடுக்கச் சேர்த்து வைக்கும் பணத்தில்) பள்ளம் விழுந்தால், அதில் உங்கள் பங்கைச் செலுத்துமாறு நிர்வாகக் குழு கேட்கலாம். செலுத்தாவிட்டால் அந்தத் தொகை உங்கள் சான்றிதழின் மீது வட்டியுடன் கடனாக ஏறும், அல்லது அதற்கு ஈடாகக் காப்பீட்டுப் பலனைக் குறைத்துக்கொள்ள நீங்கள் சம்மதிக்கலாம். கையெழுத்திடும் முன் இந்தப் பிரிவைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

இந்தப் பிரிவு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அச்சம் சற்றுக் குறையும். 1868-இல் பென்சில்வேனியாவின் மீட்வில்லில் தொடங்கிய ‘ஏன்ஷியன்ட் ஆர்டர் ஆஃப் யுனைடெட் வொர்க்மென்’ போன்ற சங்கங்களில், ஓர் உறுப்பினர் இறந்தால் மற்றவர்கள் ஆளுக்கொரு டாலர் போட்டு அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். நம் ஊர் மொய்யைப் போன்ற இந்த ஏற்பாட்டில் கணக்குதான் உதைத்தது. ஆயிரம் பேர் கொண்ட சங்கத்தில் ஆண்டுக்கு எட்டுப் பேர் இறந்தால் ஒருவருக்கு எட்டு டாலர் செலவு; எல்லோருக்கும் வயதாகி முப்பது பேர் இறக்கும்போது செலவு முப்பது டாலராகிறது, அதைப் பார்த்த இளைஞர்கள் சேர மறுக்கிறார்கள். அலபாமாவின் மொபைல் நகரில் 1910-இல் உருவான மாதிரிச் சட்ட வரைவு, வயதுக்கேற்ற கட்டணமும் போதிய ஒதுக்கு நிதியும் வேண்டும் என்று வற்புறுத்தியது இதனால்தான். இன்று சங்கங்கள் ஆண்டுதோறும் காப்பீட்டு ஆணையரிடம் நிதி அறிக்கை தாக்கல் செய்கின்றன. ஆணையர் கணக்குகளைத் தணிக்கையும் செய்யலாம்.

சங்கத்தின் விதிகள் பின்னர் மாறினால் அந்த மாற்றம் உங்களையும் கட்டுப்படுத்தும். ஆயினும் சான்றிதழ் வழங்கியபோது ஒப்புக்கொண்ட பலனை, விதித் திருத்தத்தால் மட்டும் குறைக்க முடியாது என்பதே பொதுவான சட்ட நிலை. விலக்கப்படுவது குறித்துக் கேட்டிருந்தீர்கள். பிரீமியம் கட்டாததற்காகவோ, விண்ணப்பத்தில் முக்கியமான பொய்த் தகவல் தந்தது சங்கம் ஆட்சேபிக்கக்கூடிய தொடக்க காலத்துக்குள் தெரியவந்ததற்காகவோ அல்லாமல் வேறு காரணத்துக்காக நீக்கப்பட்டவர், தொடர்ந்து பிரீமியம் கட்டிக் காப்பீட்டை வைத்துக்கொள்ளப் பல மாநிலச் சட்டங்கள் உரிமை தருகின்றன.

என் கருத்தில், நிதிநிலை வலுவான பெரிய சங்கமாக இருந்தால் தயங்க வேண்டியதில்லை. மாநிலத் துறையின் இணையதளத்தில் சங்கத்தின் உரிமத்தையும் முகவரின் உரிமத்தையும் சரிபாருங்கள், காப்பீட்டு அமைப்புகளின் நிதி வலுவை எடைபோடும் ஏ.எம். பெஸ்ட் போன்ற நிறுவனத்தின் தர மதிப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். மதிப்பீடே இல்லாத, உறுப்பினர் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு தேய்ந்துவரும் சிறிய சங்கம் என்றால், அதில் உறுப்பினராக மட்டும் இருந்துகொண்டு காப்பீட்டை வேறிடத்தில் எடுப்பேன்.