அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால்: ஆட்ட நாள் வழக்கங்களில் உங்களுக்குப் பிடித்தது எது?

யோசிக்காமல் சொல்வேன்: அயோவா பல்கலைக்கழகத்தின் கையசைப்பு. கின்னிக் ஸ்டேடியத்துக்குப் பக்கத்திலேயே குழந்தைகள் மருத்துவமனை. அதன் 12ஆம் மாடியில் நின்றால் மைதானம் அப்படியே தெரியும். ஆட்டத்தின் முதல் கால் பகுதி முடிந்ததும், ஏறக்குறைய 70,000 பேர் அந்தப் பக்கம் திரும்பிக் கை அசைப்பார்கள். எதிரணி வீரர்கள்கூட! மேலே கண்ணாடியோரம் சின்னச் சின்னக் கைகள் பதிலுக்கு ஆடும். இரவு ஆட்டமென்றால் செல்போன் வெளிச்சம்தான் கை. ரசிகர் ஒருவர் ஃபேஸ்புக்கில் சொன்ன யோசனை, 2017இல் வழக்கமாகிவிட்டது.

அப்புறம், டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக மாணவர்கள் ஆட்டம் முழுக்க நின்றேதான் பார்ப்பார்கள். ஆள் குறைந்தால் இறங்குவதற்காக 1922இல் சீருடை மாட்டிக் காத்து நின்ற கிங் கில் என்ற மாணவரின் நினைவாக. எனக்கென்றால் கால் வலிக்கும், சாமி!