பாலைவனத்தைப் பத்தி மேடையில என்ன பேசலாம்?

கேள்வி: பொதுமக்களுக்காக நடக்கிற ஒரு கூட்டத்துல பாலைவனச் செடி, விலங்குகள் பத்தி அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்காங்க. சின்னப் பசங்களும் வருவாங்களாம், எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல சார்.

பதில்: லிஸ்ட் போட்டு நாப்பது உயிரினத்த ஓட்டாதீங்க ப்ளீஸ், ஒரே ஒரு செடிய எடுத்துக்குங்க. அமெரிக்கா, மெக்சிகோ எல்லைல இருக்கிற சோனோரன் பாலைவனத்து சகுவாரோ கள்ளி இருக்கே, அது முதல் 8 வருஷத்துல 4 செ.மீ. உயரம்கூட தாண்டாது, ஆனா 150 வருஷத்துக்கு மேல வாழும், பக்கத்துல கிளை விடவே 50 வருஷத்துக்கு மேல ஆகும்னு சொல்லிப் பாருங்க, பசங்க வாயப் பொளந்துக்கிட்டு கேப்பாங்க. அதோட பூ ராத்திரிலதான் விரியும், தேன் குடிக்க வௌவால் வரும், மறுநாள் பகல்ல தேனீயும் பறவையும் வரும். மரங்கொத்தி அதுல பொந்து போட்டு குஞ்சு பொரிச்சிட்டுப் போனா அந்த வீட்டுக்கு குட்டி ஆந்தை குடி வந்துரும். ஒரு செடி, ஒரு ஊரே அதுக்குள்ள!

அப்புறம் தண்ணி விஷயம். கள்ளி தண்ணி ஆவியாகி வீணாகாம இருக்க பகல்ல இலைத்துளைய (காத்து போய்வர்ற குட்டி ஓட்டைய) மூடிக்கிட்டு ராத்திரிலதான் தொறந்து காத்த உள்ள இழுக்கும்னு சொல்லும்போது, இலையே இல்லாத செடிக்கு இலைத்துளையான்னு யாராவது கேப்பாங்க, அது பச்சைத் தண்டுலதான் இருக்குன்னு சொல்லிருங்க. கங்காரு எலிய மறந்துராதீங்க, தண்ணியே குடிக்காம திங்கிற விதைய வச்சே உடம்புக்கு வேண்டிய ஈரத்த தேத்திக்கும், எனக்கு ரொம்பப் பிடிச்ச ஜீவன் அது.

பாம்பு, தேள் படம் காட்டி பயமுறுத்தாதீங்க. கேள்வி கேக்க பத்து நிமிஷமாவது விடுங்க.