பக்கவாதத்துக்குப் பிறகு: நடை திரும்பியும் நாட்டம் திரும்பாதது ஏன்?

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. எட்டு மாதங்களுக்கு முன்பு பக்கவாதம் வந்து இடது கையும் காலும் செயலிழந்தன. இப்போது கைத்தடியுடன் நடக்கிறார், தாமே உண்கிறார், பேச்சிலும் குறையில்லை. நன்றாகத் தேறிவிட்டார் என்கிறார் மருத்துவர். ஆனால் அவர் எதிலும் நாட்டமின்றி உட்கார்ந்தே இருக்கிறார். நண்பகலுக்குள் களைத்துப் படுத்துவிடுகிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: மருத்துவர் சொன்னதும் உண்மை, நீங்கள் காண்பதும் உண்மை, அளந்த கோல்தான் வேறு. 1965 முதல் புழக்கத்தில் உள்ள பார்த்தெல் அளவுகோல், உண்பது, குளிப்பது, உடுத்துவது, படியேறுவது போன்ற 10 அன்றாடச் செயல்களுக்கு மட்டுமே மதிப்பெண் தருகிறது. அதில் 100 பெற்றுவிட்டதாலேயே ஒருவர் தனித்து வாழ முடியும் என்று கொள்ளக்கூடாது என அதை வகுத்தவர்களே எழுதியிருக்கிறார்கள். மனநிலை, களைப்பு, குடும்பத்தில் தமக்குரிய இடம் ஆகியவை குறித்து நோயாளியிடமே கேட்டறியும் வினாநிரல்களும் இருக்கின்றன; ஆனால் கூட்டம் மிகுந்த மருத்துவமனையில், கை கால் அசைவதைப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்தவரை அழைத்துவிடுகிறார்கள்.

வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே தோன்றும் மூன்று நிலைகளை முதலில் பிரித்தறிய வேண்டும். முதலாவது மனச்சோர்வு. பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. வருத்தம், குற்றவுணர்வு, தூக்கமின்மை, 'நான் பாரமாகிவிட்டேன்' என்ற பேச்சு ஆகியவை இதன் அடையாளங்கள். இரண்டாவது, தூண்டல் இன்மை. இதில் துயரம் இருக்காது. தாமாக ஒன்றைத் தொடங்கும் உந்துதல் மட்டும் மூளையில் மங்கியிருக்கும். நீங்கள் எழுந்து கையைப் பற்றி அழைத்தால் உடன் வருவார், வந்தபின் மகிழவும் செய்வார். குடும்பத்தார் இதைச் சோம்பல் என்று கடிந்துகொள்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அது நியாயமே அல்ல. மூன்றாவது களைப்பு. செய்ய ஆசை இருக்கும், ஆனால் அரை மணி நேர உரையாடலிலேயே ஆற்றல் தீர்ந்துபோகும். உறங்கி எழுந்தாலும் முழுதாகத் தீராது, கை கால் நன்கு தேறியவர்களையும் விடாது.

மனச்சோர்வுக்கு மருந்தும் உளவியல் ஆலோசனையும் பயன் தருகின்றன. ஆனால் மனச்சோர்வு இல்லாதவருக்கு, உடல் விரைந்து தேறட்டும் என்று அந்த மருந்தைக் கொடுப்பதால் நன்மை இல்லை. பிரிட்டனில் பக்கவாதம் கண்ட 3,127 பேரிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வில், ஃப்ளுவாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மருந்து உடல் செயல்பாட்டை மேம்படுத்தவில்லை. எலும்பு முறிவுகளையே கூட்டியது. களைப்புக்கு வேறு காரணங்களும் இருக்கக்கூடும் என்பதால் இரத்தசோகை, தைராய்டு ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள். இரவில் உரத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நிற்பதும் உண்டென்றால் அதைக் கட்டாயம் தெரிவியுங்கள். உறக்க மூச்சடைப்பு இந்நோயாளிகளிடம் மிகப் பரவலானது. சில இரத்த அழுத்த மாத்திரைகளும் சோர்வு தரும், ஆயினும் அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில், முக்கியமான வேலையை அவர் தெளிவாக இருக்கும் காலை நேரத்துக்கு மாற்றுங்கள். களைத்து விழும்வரை காத்திராமல், அதற்கு முன்பே சிறிது ஓய்வு கொடுங்கள். இடது பக்கம் பாதிக்கப்பட்டவர் என்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள்: தட்டின் இடப்பக்க உணவு அப்படியே மிஞ்சுகிறதா, இடப்புறக் கதவில் இடித்துக்கொள்கிறாரா? அப்படியானால் பார்வை நன்றாக இருந்தும் மூளை அந்தப் பக்கத்தைக் கணக்கில் கொள்ளாமல் இருக்கலாம். அவர் வெளியே போகத் தயங்குவதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். அன்றாட வேலைகளை மீண்டும் செய்யப் பழக்கும் தொழில்வழி சிகிச்சையாளர் இதற்குப் பயிற்சி தருவார்.

அவருக்காக நீங்கள் செய்துவரும் வேலைகளில் இரண்டையாவது அவரிடமே திருப்பிக் கொடுங்கள். சட்டைப் பொத்தான் போடப் பத்து நிமிடம் ஆனால் ஆகட்டும். வீட்டுக் கணக்கு முன்பு அவர் பொறுப்பில் இருந்ததென்றால், ஒரு பகுதியையேனும் அவர் பார்க்கட்டும்; பிழை நேராதபடி நீங்கள் பின்னர் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகுமுன், அவர் எப்போது களைக்கிறார், எதற்குச் சிரித்தார், எதை மறுத்தார் என்று ஒரு வாரம் குறித்துவைத்து அந்தத் தாளைக் கையில் கொடுங்கள். உங்கள் தூக்கம் எப்படி இருக்கிறது என்பதையும் அதிலேயே ஒரு வரி எழுதுங்கள். வாழ விருப்பமில்லை என்று அவர் சொன்னாலோ, புதிதாக முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை தளர்ந்தாலோ அந்தக் குறிப்புக்காகக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.